பெயர் எழுதாத சீட்டு

சபையின் தம்பதியர் கூட்டத்தில், கேள்விகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவது வழக்கம். செயலாளர் வாசிப்பார், போதகர் பதில் சொல்வார்.

அன்று கடைசிச் சீட்டைப் பிரித்த செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“‘என் கணவர் தங்கமானவர். ஆனால் வேலை, உபவாசம், ஜெபம் என்று எட்டு மாதமாகத் தனி அறையில் படுக்கிறார். அவர் அணைப்புக்கு நான் ஏங்குவது பாவமா?’”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றார் போதகர். “பாவமே இல்லம்மா. உடம்பையும் ஆசையையும் படைச்சது ஆண்டவர்தானே? புருஷன் உடம்பு பொண்டாட்டிக்கும், அவ உடம்பு அவனுக்கும் சொந்தம்னு வேதமே சொல்லுது. ஜெபத்துக்காகப் பிரிஞ்சிருக்கணும்னாலும் ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணணும். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். கட்டினவளை ஏங்க விட்டுட்டு முழங்கால் போட்டா, அந்த ஜெபம் கூரையைத் தாண்டாது. அந்த மகராசன் இங்க இருந்தா, இன்னைக்கே போய் அவகிட்ட மன்னிப்பு கேக்கட்டும்!”

கூட்டம் கைதட்டிக் கலைந்தது. செயலாளர் சீட்டுகளைப் போதகரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மேலே இருந்த அந்தக் கடைசிச் சீட்டைப் பார்த்ததும் அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடமாக அவருடைய பிரசங்கங்களைப் படியெடுத்துத் தரும் கையெழுத்து அது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னை மன்னிச்சிடு,” என்றார். “ஆனா, என்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே?”

“மூணு தடவை சொன்னேங்க. உபவாசம் முடியட்டும்னீங்க,” என்றாள் அவள். “பெட்டியில போட்டாத்தான் நீங்க பதில் சொல்றீங்க.”