பாய்ச்சீலையில் பூக்கொடி

கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு, குருநகர் லியோன் வள்ளத்தின் கிழிந்த பாய்ச்சீலையை வெட்டி, வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ரால் பூக்கொடி கீறி நிலவிரிப்பு செய்தான். பழக்கிவிட ஆளில்லை, முதலில் கீறியதெல்லாம் வெடித்து உரிந்தது. உரியாமல் நின்றதைப் புத்தூர் ரீச்சர் விலைக்குக் கேட்டார். கொண்டுபோனான்.

"கூடத்திலை விரிச்சு அதிலையே இரு, லியோன். தேத்தண்ணி குடி."

அவன் தகப்பன் மீன் கொடுத்துவிட்டு முற்றத்திலேயே நின்ற வீடு அது. லியோனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"வடிவாக் கீறியிருக்கிறாய்."

"நானாப் பழகினது, ரீச்சர்."

விடைபெற்று வாசலில் செருப்பைப் போடும்போது உள்ளே ரீச்சரின் குரல் கேட்டது.

"பிள்ளை, உந்த விரிப்பைச் சுருட்டி மாட்டுக்கொட்டிலுக்கை போடு. இப்ப உந்த ஆக்களை வெளியிலை இருத்தினால் பிரச்சினை. வெறும் நிலத்திலை இருந்திட்டுப் போனால் ஆர் கழுவுறது? அதுக்குத்தான் வாங்கினது."

குடித்த தேத்தண்ணி முழுதும் வெளியே வரட்டும் என்று லியோன் முற்றத்தில் காறிக் காறித் துப்பினான்.