நிலவறையில் இடம் இருக்கிறது

"டி.வி.க்காரன் கோட்டைக் கழட்டிட்டான், டார்லா! சட்டைக் கையையும் மடிச்சு விட்டுட்டான். இன்னும் என்னத்தப் பார்த்துட்டு நிக்கிற?"

பக்கத்து டிரெய்லர் வீட்டு நோரீன் கதவைத் தட்டவில்லை, உதைத்தாள். வானிலை சொல்கிறவன் கோட்டைக் கழற்றிவிட்டால் கென்டக்கியின் இந்தப் பக்கத்தில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பனி விழ வேண்டிய மாதத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு முதுகில் வியர்வை வழிந்தது. வாசலில் காற்றடைத்த சாண்டா கிளாஸ் பொம்மை கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு துடித்தது.

"நாங்க இங்கயே இருந்துக்கறோம், மிஸ் நோரீன்," என்றாள் டார்லா. தொட்டிக்குள் பதுங்கி மேலே மூடிக்கொள்ள, கட்டில் மெத்தையைக் குளியல் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எது, இந்தத் தகர டப்பாவுலயா? போன தடவை சூறாவளியில கோடிவீட்டு ஹாலோவே வீடு எங்க போச்சுன்னே தெரியல. அவன் ஃபிரிட்ஜ் மட்டும் மூணு மைல் தள்ளி சோளக்கொல்லையில நின்னுச்சு. உள்ள இருந்த பீர் ஒண்ணுகூட உடையல."

"பீருக்காவது நல்ல காலம்."

"இளிக்காத. டிசம்பர்ல இப்படி நான் பார்த்ததே இல்ல. ஒண்ணு பின்னால ஒண்ணா நாலு சூறாவளியாம். முதலாவது நேரா இங்கதான். முப்பது நிமிஷம் இருக்கு. சர்ச் நிலவறையில இடம் இருக்கு, சூப்கூட வச்சிருக்காங்களாம்."

குளியலறையிலிருந்து கேசி எட்டிப் பார்த்தாள். ஆறு வயது. தலையில் சைக்கிள் ஹெல்மெட்.

"பூட்ஸைப் போட்டுக்கிட்டே தொட்டியில உக்காரலாமாம், மிஸ் நோரீன்! அம்மாவே சொல்லிட்டா!"

"உங்கம்மாவுக்குப் புத்தி கலங்கிப் போச்சு, கண்ணு."

டார்லா மெத்தையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். மேற்கே வானம் பழுத்த காயம் மாதிரி பச்சையாகிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நிலவறை வாசல்ல யார் நிக்கறாங்க?"

"ஷெரீஃபோட போலீஸ்காரங்க ரெண்டு பேர். உள்ள போறவங்க பேரை எழுதிக்கறாங்க. பிள்ளைங்கன்னா ஒரு போட்டோ. போன தடவை எந்தப் பிள்ளை யாரோடதுன்னு தெரியாம பட்ட பாடு போதாதா?"

டார்லா மறுபடி மெத்தையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.

நோரீன் இடுப்பில் கை வைத்தாள். "ஓ. அதானா சங்கதி? உன் மேல வாரண்ட் இருக்கா?"

டார்லா மெத்தையின் முனையைக் குளியலறைக் கதவுக்குள் திணித்தாள்.

"அடிப்போடி. என் ரெண்டாவது புருஷன் மேல நாலு வாரண்ட் இருந்துச்சு. போன தடவை அவனே அவங்க பக்கத்துல உக்காந்து டோனட் தின்னான். இன்னிக்கு யாரும் யாரையும் பிடிக்க மாட்டாங்க."

"லைசன்ஸ் இல்லாம வண்டி ஓட்டினேன். கோர்ட்டுக்குப் போகல. அவ்வளவுதான்."

"இதுக்குப் போயா சாகறேங்கற? சரி, நீ செத்துப் போ. பிள்ளையை என்கூட அனுப்பு. மடியில வச்சுக்கறேன். என் பேத்தின்னு எழுதச் சொல்றேன்."

டார்லா நின்றாள். ஒரு கணம் அனுப்பிவிடுவாள் போலத்தான் இருந்தது.

"பேத்தின்னு சொன்னாலும் போட்டோ எடுப்பாங்களா?"

"எடுத்தா என்ன? மூஞ்சி தேஞ்சா போயிடும்?"

"வேணாம். இவ எங்கயும் வரல."

"டார்லா, பிள்ளை செத்துப் போயிடுவா."

"தெரியும்," என்றாள் டார்லா.

நோரீன் அறைந்துவிடுவாள் போல நின்றாள். அறையவில்லை. கைப்பையைத் துழாவி ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து மெத்தை மேல் எறிந்தாள்.

"பேரு, பிறந்த தேதி, போன் நம்பர். ரெண்டு கையிலயும் எழுதி விடு. எந்தக் கை கிடைக்கும்னு சொல்ல முடியாது. போன தடவை ஒரு பிள்ளை நாலு நாள் பேரில்லாம ஐஸ் பெட்டியில கிடந்துச்சு. பெத்தவ என்னடான்னா அது எங்கயோ உயிரோட இருக்குன்னு ஊரெல்லாம் தேடிட்டுத் திரிஞ்சா."

அவளுடைய பிக்கப் சரளைக் கற்களை வாரியடித்துக்கொண்டு போனது. அது திருப்பம் தாண்டும் முன்பே ஊரின் அபாயச் சங்கு ஊத ஆரம்பித்தது. மின்சாரம் போனது.

தொட்டிக்குள் இரண்டு பேரும் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். டார்லா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கேசியின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். மார்க்கரைத் திறந்தவள் வெகுநேரம் எழுதவில்லை. பிறகு கடகடவென்று எழுதினாள்.

"கூசுது அம்மா."

கேசி கையைத் திருப்பி வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினாள். வீட்டில் டார்லா கற்றுக்கொடுத்த படிப்பு.

"அம்மா, நீ தப்பா எழுதிட்ட. கேசின்னு இல்ல. அபிகேல்னு போட்டிருக்கு. அபிகேல் யாரு?"

டார்லா டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். "கையை ஆட்டாத. இன்னும் முடியல."

"இது போகுமா?"

"நாளைக்குத் தேய்ச்சா போயிடும்."

வீடு ஒரு தடவை மேலே எழும்பி உட்கார்ந்தது. எங்கோ கண்ணாடி உடைந்தது. டார்லா மெத்தையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, அந்தப் பேருக்கு அடியில் ஒரு போன் நம்பரை எழுதினாள். யோசிக்க வேண்டியிருக்கவில்லை, நான்கு வருடத்துக்கு முன் ஒஹையோவில், பெட்ரோல் பங்க் கதவுகளில், காணாமல் போன இரண்டு வயதுக் குழந்தையின் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த நம்பர் அது, கேசியைப் பெற்றவளின் நம்பர்.