பார்க்க மாட்டேன் என்று ஒரு டிக்

தன்னைத் தானே புகழ்ந்து மூன்றாவது பத்தியை கெண்ட்ரா முடித்தபோது மணி நாலு இருபது.

ஐந்து மணிக்கு விண்ணப்பக் கதவு அடைத்துவிடும். பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டரின் காலில் விழுந்தாலும் பிரயோஜனமில்லை.

சட்டமும் வணிக நிர்வாகமும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பு. அதற்கு அவளுடைய முதலாளி கொடுத்த விளக்கம் வேறு. "ஊரை அடிச்சு உலையில போட ஒருத்தன் சொல்லிக்கொடுப்பான். மாட்டாம தப்பிக்க இன்னொருத்தன் சொல்லிக்கொடுப்பான். நல்ல படிப்பும்மா."

முதலாளி என்றால் லைல் புரன்னர். அமெரிக்காவில் டொலீடோ நகரத்தில், நீதிமன்றத்துக்கு எதிரே மாடியில் இரண்டு அறை வைத்திருக்கும் வக்கீல். வயது அறுபத்து மூன்று. அவருடைய சிபாரிசுக் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் செல்லாது.

கேட்டதும், எல்லா முதலாளிகளும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். "நீயே எழுதி அனுப்பிடு. என் பேரைப் போட்டுக்கோ."

அதில் ஆச்சரியமில்லை. ஏழு வருடமாக அவர் பெயரில் போகும் எல்லாமே அவள் எழுதுவதுதான். எதிராளிக்கு மிரட்டல், செத்தவர் வீட்டுக்கு இரங்கல், அவர் மனைவிக்குக் கல்யாண நாள் வாழ்த்து. மூன்றிலும் பாதி வாக்கியங்கள் ஒன்றுதான். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

போன வருடம் அவரே எழுதுகிறேன் என்றார். நம்பினாள். கடைசி நாள் கழிந்து ஒரு வாரம் ஆனபின், "அடடா, அது போன வாரமா?" என்றார்.

மறந்தாரா, மறந்த மாதிரி இருந்தாரா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அவள் போய்விட்டால் அந்த மனிதருக்குத் தன் மூக்குக் கண்ணாடிகூடக் கிடைக்காது. இந்த ஜனவரியும் போனால் அவளுக்கு முப்பத்திரண்டு. மறுபடி கேட்கும் தைரியம் வராது.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'என்னைப் பற்றி எழுதப்படும் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்.' அதில் டிக் போடாதவர்களின் கடிதத்தைக் கல்லூரிக்காரர்கள் நம்ப மாட்டார்கள். போட்டாள். போட்டுவிட்டு, பார்க்கவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த கடிதத்தை எழுத உட்கார்ந்தாள்.

அவளுடைய நேர்மையைப் பற்றி அதில் ஒரு முழுப் பத்தி இருந்தது.

காலையிலிருந்து புரன்னர் வேறு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கத்திக்கொண்டே இருந்தார். கட்சிக்காரக் கிழவி ஒருத்தியின் வீட்டுப் பத்திரத்தில் கெண்ட்ரா தப்புக் கண்டுபிடித்தது எந்த வருஷம்? காப்பி மெஷினுக்கு வடிகட்டித் தாள் எங்கே இருக்கிறது? தூள் எத்தனை கரண்டி? கடைசியாக, "ஏம்மா, என் பொண்டாட்டி பொறந்தநாள் என்னைக்கு?"

"மார்ச் ஒம்பது. போன வருஷமும் மார்ச் ஒம்பதுதான்!"

நடுநடுவே சாவிப்பலகையில் டொக், டொக் என்று ஒற்றை விரல் சத்தம். சீட்டாடுகிறார் என்று நினைத்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு, திங்கட்கிழமை கொடுத்தாலும் போதுமான ஒரு காகிதத்தைக் கையில் திணித்து, பனியில் நீதிமன்றத்துக்குத் துரத்தினார். அங்கே ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபடி அவரை மனசாரத் திட்டினாள்.

இப்போது ஒரே ஒரு கேள்வி பாக்கி. 'இவருடைய பலவீனம் என்ன?'

'அளவுக்கு மீறி உழைப்பார்' என்று அடித்தாள். ஊரில் எல்லோரும் எழுதும் பொய். அழித்துவிட்டு, 'யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாது' என்று போட்டாள். கடிதத்திலேயே அது ஒன்றுதான் உண்மை.

நாலு ஐம்பது. புரன்னரின் மெயிலைத் திறந்து, கல்லூரி அனுப்பியிருந்த இணைப்பை அழுத்தினாள்.

'இந்த விண்ணப்பதாரருக்கான கடிதம் இன்று பிற்பகல் 2:47க்கு வந்து சேர்ந்தது. நன்றி.'

இன்னொரு தடவை படித்தாள்.

ஏழு வருடத்தில் ஒரு வரிகூட எழுதாத ஆள் எழுதி, அதை அனுப்பியும் விட்டார். எதை எழுதினார்? பார்க்க வழியில்லை. பார்க்க மாட்டேன் என்று டிக் போட்டவளே அவள்தான்.

கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"என்ன எழுதினீங்க லைல்?"

"பாக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டு இப்ப வந்து கேக்குறியே! நீயெல்லாம் சட்டம் படிச்சு..." கண்ணாடியைக் காணாமல் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடி அவர் தலையில் இருந்தது.

தடவிய கைக்கு அடியில் மஞ்சள் தாள் ஒன்று. கோழி கிளறிய மாதிரி அவருடைய கையெழுத்து. கெண்ட்ரா தலைகீழாகவே படித்தாள். வக்கீல் ஆபீஸில் ஏழு வருடம் இருந்தால் அது தானாக வந்துவிடும்.

தாளின் தலைப்பு, 'ஆகஸ்டுக்கு அப்புறம்.'

படிப்பு ஆரம்பிப்பது ஆகஸ்டில்.

அதன் கீழே: 'வடிகட்டித் தாள், சிங்க்குக்கு மேல். காப்பி, ரெண்டு கரண்டி. பொண்டாட்டி பிறந்தநாள், மார்ச் 9. அழைப்பு வந்தால் யாரென்று முதலில் கேட்கணும்.'

திட்ட வந்தவளுக்குத் திட்டு மறந்துபோனது. காலையிலிருந்து இந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

அவர் தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டாள். பிறகு அவர் பேனாவை எடுத்து, 'ரெண்டு' என்பதை அடித்து, 'மூணு' என்று திருத்தினாள்.