காட்சிப் பயன்: பூஜ்யம்

அழகான இடங்களுக்குப் போக ஆளுக்கொரு அரசு அனுமதி வேண்டும். ஐந்து நாள் கார்ப் பயணத்துக்கு ஸ்டெல்லாவும் அவள் கணவர் இருதயராஜும் தரங்கம்பாடி, மேகமலை, கொல்லிமலை என்று மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவருக்கு மூன்றும் கிடைத்தன. அவளுக்கு, 'பார்வையற்றவர், காட்சிப் பயன் பூஜ்யம்' என்று பதில் வந்தது. அதற்குப் பதிலாகத் திருச்சியில் ஓர் இசை அரங்கத்தை ஒதுக்கியிருந்தார்கள்.

"அரங்கத்துக்கே போயிடலாமா, ஸ்டெல்லா?"

"எனக்கு எது அழகுன்னு அவங்க சொல்லக் கூடாது. கொல்லிமலைக்கு விடுங்க."

அடிவாரச் சோதனைச் சாவடியில் கார் தானாகவே நின்றுவிட்டது. காவலர் ஜன்னலருகே குனிந்தார்.

"மேல போய் என்னம்மா பாக்கப் போறீங்க?"

"குளிர் எந்த வளைவுல ஆரம்பிக்குதுன்னு பாக்கணும். அருவிச் சாரல் முகத்துல அடிக்கறதப் பாக்கணும். போதுமா?"

"அனுமதியில்லாத ஆள் உள்ள இருக்கற வரைக்கும் இந்தக் கார் நகராதும்மா. என் கையில ஒண்ணுமில்ல."

"நடந்து போனா?"

காவலர் தன் திரையில் வெகுநேரம் தேடினார். நடந்து போகிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

ஸ்டெல்லா கதவைத் திறந்து இறங்கினாள். மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்று இருதயராஜ் சொல்லிப் பார்த்தார். "எண்ணிக்கிட்டே வாங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோராவது வளைவில் மழை பிடித்தது. அனுமதி பெற்ற கார்கள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அவர்களைக் கடந்து போயின. இருதயராஜ் ஒதுங்க இடம் தேடினார். ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முகத்தை மழைக்கு நிமிர்த்தியபடி மேலே நடந்தாள்.