பிடிபடாத பட்டன்

“பழைய இரும்புக்காரர் வந்துருவாரு. அதுக்குள்ள ஒருக்கா போட்டுப் பாப்பமா?” என்றபடியே ஆனந்த்ராஜ் அந்தப் பழைய கம்ப்யூட்டரை இயக்கினான்.

பத்து வருடத்துக்கு முன், திண்டுக்கல் கம்ப்யூட்டர் சென்டரில் படித்தபோது அவன் எழுதிய புரோகிராம் அதில் பத்திரமாக இருந்தது. திரையில் ‘என்னைக் கட்டிக்கிறியா?’ என்ற கேள்வியும், ‘சரி’, ‘மாட்டேன்’ என்று இரண்டு பட்டன்களும் வந்தன. மனைவி அறிவுச்செல்வி மவுஸை ‘மாட்டேன்’ பக்கம் நகர்த்தினாள். பட்டன் வேறு மூலைக்கு ஓடியது. விரட்டினாள், மறுபடி ஓடியது. இருவரும் சிரித்தார்கள்.

அவன் சிரிப்பு முதலில் நின்றது.

“மில்லுல ஷிப்ட் முடிச்சு வந்து ஒரு வாரம் உக்காந்து எழுதுனேன். இப்ப நெனச்சா சங்கடமா இருக்கு செல்வி. மாட்டேன்னு சொல்ல ஒனக்கு வழியே வைக்கல. அதுக்கப்புறம் உங்க வீட்டுலயும் ஒன்னைய சேக்கல.”

அறிவுச்செல்வி மவுஸை விட்டுவிட்டு, கீபோர்டில் டேப் கீயை ஒரு தட்டுத் தட்டினாள். ‘மாட்டேன்’ பட்டன் ஓடவில்லை. அதைச் சுற்றிப் புள்ளிக் கோடு விழுந்தது.

“இனி என்டரைத் தட்டுனா முடிஞ்சுச்சு” என்றாள், தட்டாமல்.

“இது ஒனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே தெரியும். மவுஸ் இல்லாம வேலை பாக்குறது எப்படின்னு மொத வகுப்புலயே நடத்துனேன்ல. நீங்கதான் ஷிப்ட் அசதியில கடைசி சேர்ல தூங்கிட்டீங்க.”

பத்து வருடமாக ஆனந்த்ராஜின் வாயில் வராத சொல் வந்தது.

“ஆமா மிஸ்.”