எண்ணி முடிக்கும் வரை

மேஜைமேல் ஓடும் ஒரு குட்டி ரோபோ வண்டியில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். உத்தரவு போடுவது, உச்சியில் உட்கார்ந்திருந்த எலெக்ட்ரானிக் போர்டு. முன்னால் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே வருவது கண். சொன்னபடி ஓடுவது சக்கரம்.

"ஓடு" என்று உத்தரவு போட்டதும் போர்டு ஆயிரம் வரை எண்ண ஆரம்பித்துவிடும். எண்ணி முடிக்கும் வரை இடியே விழுந்தாலும் அதன் காதில் ஏறாது. முடித்த பிறகுதான், "தரை இருக்கா?" என்று கண்ணைக் கேட்கும். எழுதிக் கொடுத்த முறை அப்படி. அவசரமென்றால் எண்ணிக்கைக்கு நடுவிலேயே கூப்பிடவென்று போர்டில் தனியாக ஒரு துளை இருந்தது. அதில் யாரும் கம்பி செருகவில்லை.

அன்று எண்ணிக்கை பாதியில் இருந்தபோது கண் அலறியது. "ஐயா, நிறுத்துங்க! மேஜை முடியுது! ஐயா!"

போர்டு எண்ணிக்கொண்டிருந்தது.

அலறல் சக்கரத்துக்கு நன்றாகவே கேட்டது. நின்றுவிடலாமா என்றுகூட நினைத்தது. ஆனால் உத்தரவில்லாமல் நின்று அதற்குப் பழக்கமில்லை. 'ஐயாவுக்குத் தெரியாததா? நமக்கெதுக்கு வம்பு' என்று ஓடியது.

வண்டி தலைகீழாகப் போய் விழுந்தது. கண் நொறுங்கிப்போனது. போர்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது மிச்சத்தையும் பொறுமையாக எண்ணி முடித்துவிட்டுக் கேட்டது.

"தரை இருக்கா?"

பதில் வரவில்லை.

"சரி, மௌனம் சம்மதம்," என்றது போர்டு. "ஓடு."

மல்லாந்து கிடந்த சக்கரம் காற்றில் ஓடிக்கொண்டே இருந்தது.