கடைசிப் பெயர்

பதினொன்றுக்கு இணைய வகுப்பு. பத்து ஐம்பதுக்கே மாணவி மடிக்கணினியைத் திறந்து வைத்து, வெந்நீரை ஒரு வாய் குடித்துத் தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். நேற்று மாலை கீழ்வீட்டுக்காரரிடம் "குழாய்ல தண்ணி வரல" என்று சொன்னதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவே இல்லை. போன வாரம் இப்படித்தான், எடுத்த எடுப்பில் குரல் கரகரத்துப் போயிற்று. "இருக்கேன் மேடம்" என்று சுவரிடம் சொல்லிப் பார்க்கிறாள். இன்னொரு தடவை, கொஞ்சம் சிரித்த முகமாக. கட்டிலில் ஒரு துண்டு அகலத்துக்கு வெயில்; அதில் ஒற்றைத் துண்டு காய்கிறது. "பாடம்தான் சாயங்காலமே பதிவா வந்துடுதே, எதுக்குடி லைவ்ல உட்கார்ந்து உயிரை விடுற?" என்று தோழி கேட்டபோது, "அப்பதான் மண்டையில ஏறுது" என்று சமாளித்திருக்கிறாள். திரையில் கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன. வருகைப் பட்டியலில் இவள் கடைசி. முப்பத்தெட்டுப் பெயர்களைத் தாண்டி வரும் பேராசிரியை, கடைசி ஆளிடம் மட்டும், "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு நோட்டை மூடுவார். இன்று அவர் மேசையில் நோட்டு இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்கிறார். "ஒரு நல்ல சேதி. இனிமே பேர் கூப்பிட வேண்டாம். நீங்க உள்ள வந்தாலே வருகை தானா பதிவாயிடும். பத்து நிமிஷம் மிச்சம்." கட்டங்களிலிருந்து கைதட்டும் படங்கள் மிதந்தெழுந்து மறைகின்றன. பாடம் தொடங்குகிறது. ஆறிப்போன வெந்நீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அணைத்து வைத்த மைக்கைத் தொடாமல், "சாப்பிட்டேன் மேடம்" என்கிறாள்.